துபாய்த் தரையும் நான்கு வாளித் தண்ணீரும்

மக்கா,

ஷீபா வந்து இறங்கி, குளித்து, வாய்க்கு ருசியாக ஏதாவது சாப்பிட்டு, ஒரு தூக்கம் தூங்கி எழுந்த பிறகு இதைப் பிரித்தால் போதும். விமான நிலையத்தில் நின்றுகொண்டு வாசிக்காதே. பாதியில் உனக்குக் கோபம் வரும், எதிரே நிற்கிறவள் அவள் என்பதால் அது அவள்மேல்தான் போய் விழும். தமிழில்தான் எழுதுகிறேன். எனக்குத் தெரிந்த மலையாள எழுத்து பஸ் போர்டு வாசிக்கத்தான் ஆகும். மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்த நீயோ ஞாயிறு பள்ளியில் கற்ற தமிழை வைத்து எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாய். அதுவும் நல்லதுதான், மெதுவாக வாசிக்கிற ஆளுக்குத் திட்டுவதற்கும் நேரம் பிடிக்கும். உறை ஒட்டாமல் வந்திருக்கும். அவள் வழியில் பிரித்துவிட்டாள் என்று நினைத்துவிடாதே. ஒட்டாமல் தரவேண்டும் என்பது அவள் எனக்குப் போட்ட நிபந்தனை. ஏன் என்பது முடிவதற்குள் உனக்கே தெரியும்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். மாடி அறையில் நீ போட்ட தரை வீங்கினது ஷீபா ஜன்னல் அடைக்காமல் போனதால் என்றுதானே நீ இதுவரை நம்பிக்கொண்டிருக்கிறாய். அவள் ஜன்னலை அடைத்துவிட்டுத்தான் போனாள். நான்தான் அந்தத் தரையில் தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். நான்கு வாளி, பினாயில் கலந்து. இந்த மூன்று வரியை எழுதிவிட்டுப் பேனாவை மூடி வைத்து, அடுக்களையில் போய் ஒரு கட்டன் சாயா போட்டுக் குடித்தேன். எட்டு மாதத்தில் சாயா சாயாவாக ருசித்தது இன்றைக்குத்தான். இனி நீ என்ன நினைத்தாலும் சரி, எனக்குப் பாதி பாரம் இறங்கிவிட்டது. மீதியையும் இறக்கிவைக்கத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நீ அந்தத் தரையைப் போட்ட நாள் எனக்கு நன்றாக ஓர்மை இருக்கிறது. உனக்கும் ஷீபாவுக்கும் கல்யாணம் நடக்க ஒரு மாதம் முன்னால் கப்பலில் பெட்டி பெட்டியாக வந்தது. குளத்தூரில் பாதிப் பேர் அதைப் பார்க்க வந்தார்கள். நீ முழங்காலில் இருந்து ஒவ்வொரு பலகையையும் பக்கத்துப் பலகையில் கொளுவி மாட்டி, மரக்கட்டை வைத்துத் தட்டித் தட்டி இரண்டு நாளில் அறையை முடித்தாய். பசை கிடையாது, ஆணி கிடையாது, இது புது மாதிரி என்றாய். லாமினேட் என்று நீ சொன்ன பேர் ஒருத்தர் வாயிலும் நிற்கவில்லை, ஊரில் எல்லாருக்கும் அது துபாய்த் தரை. தேக்கு போலவே ரேகையும் முடிச்சும் இருந்தது. நான் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, எத்தனை மரம் வெட்டினார்களோ என்று கேட்டேன். நீ சிரித்தாய். மேலே இருப்பது மரத்தின் படம் மட்டும்தான் அம்மா, அதற்குமேல் ஒரு கண்ணாடிப் பூச்சு, உள்ளே அழுத்தின மரத்தூள் என்றாய். மரத்தூளுக்கா இவ்வளவு கூட்டம் என்று எனக்குத் தோன்றியது. ஆனாலும் என் மகன் தன் கையால் போட்ட தரை. நான் பார்க்க வந்தவர்களிடம் மரத்தூள் கதையைச் சொல்லவில்லை, தேக்கு என்றே விட்டுவிட்டேன். அதற்கும் என்னை மன்னித்துக்கொள்.

நீ திரும்பிப் போகும்போது பதினொரு இனம் எழுதிய ஒரு தாளைக் கதவின் பின்னால் ஒட்டிவிட்டுப் போனாய். வெள்ளம் ஒழிக்கக் கூடாது, அதாவது தண்ணீர் ஊற்றக் கூடாது, முதலில் மண் போகத் தூத்துப் பெருக்க வேண்டும், துணியை நன்றாகப் பிழிந்த பிறகுதான் தரையில் வைக்க வேண்டும், கட்டிலை இழுக்கக் கூடாது, மழை வந்தால் ஜன்னலை அடைக்க வேண்டும் என்று நீ வாயாலும் சொன்னாய். சொன்னது ஷீபாவிடம். நான் வெற்றிலைச் செல்லம் தேடுகிற மாதிரிப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பும் எரிச்சலும். ஆஸ்பத்திரியில் முப்பத்தொரு வருடம் தரை துடைத்தவள் நான். பிரசவ வார்டில் ரத்தம், வராந்தாவில் வாந்தி, மழைக்காலத்தில் ஊரின் சேறு முழுக்க, எல்லாவற்றையும் வாளித் தண்ணீரும் பினாயிலும் வாரியலும் வைத்துக் கண்ணாடி போலாக்கினவள். டாக்டர்களே என் வார்டுக்குள் வரும்போது செருப்பைப் பார்த்துக்கொள்வார்கள். அப்படிப்பட்டவளுக்குத் தரை துடைக்க ஒரு தாளா? அந்தத் தாள் புது மருமகளுக்கு, எனக்கில்லை என்று முடிவு செய்துகொண்டேன். தண்ணீர் தொடாமல் சுத்தம் என்ன சுத்தம், அது சும்மா தூசியை இடம் மாற்றி வைப்பது என்பது என் கட்சி.

தரை விஷயத்தில் என் குணம் உனக்குத் தெரியாததா? பழைய வீட்டின் சிவப்புத் தரையை மறந்திருக்க மாட்டாய். உனக்கு அப்போது எட்டு வயது. கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால், முந்தின நாள் முழுக்கத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேய்த்து முகம் தெரிகிற மாதிரி ஆக்கி வைத்திருந்தேன். காலையில் பார்த்தால் வாசலில் இருந்து அடுக்களை வரைக்கும் சேற்றுக் கால் தடம். உன்னைப் பிடித்து நிறுத்தினேன். "நான் இல்லம்மா" என்றாய். "பின்ன ஆரு, ஆவியா?" என்று கேட்டு வாரியலைத் திருப்பிப் பிடித்து அடித்தேன். நீ அழுதுகொண்டே பழைய கஞ்சியைக்கூடக் குடிக்காமல் கேரல் பாட்டு ஒத்திகைக்குப் போனாய். அதை நீ பிறகு ஒருநாளும் பேசியதில்லை, நானும் பேசவில்லை. ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், போன ஆடியில் நீ போனில் ஷீபாமேல் கத்தினபோது, ரிசீவருக்கு வெளியே கேட்டது உன் குரல் மாதிரியே இல்லை. அன்றைக்கு வாரியலோடு நின்ற என் குரல்தான் அது. யாரிடம் படித்தாய் என்று வேறு யாரையும் நான் கேட்க வேண்டியதில்லை.

நடந்தது இதுதான். நம் சபையில் வீட்டு ஜெபம் முறை வைத்து ஒவ்வொரு வீடாக வரும், உனக்குத் தெரியும். நம் முறை வந்தது. கீழே கூடத்தில் நடத்தியிருக்கலாம். எனக்குத்தான் அந்தத் துபாய்த் தரையில் நடத்த வேண்டும் என்று ஆசை. ஷீபாவின் அக்காள் பிள்ளைக்கு ஞானஸ்நானம் என்று அவள் இரண்டு நாள் முன்னாலேயே கள்ளிக்காட்டில் தன் பிறந்த வீட்டுக்குப் போயிருந்தாள். ஜெப வீட்டைக் கழுவாமல் விடுவது எப்படி? சபையார் வந்து உட்காருகிற இடம் தண்ணீர் காணாமல் கிடந்தால் நாளைக்கு என்ன பேசுவார்கள்? நான்கு வாளி தண்ணீரை ஒவ்வொன்றாக மாடிக்குச் சுமந்தேன். ஊற்றினேன். பினாயில் விட்டேன். வார்டில் செய்கிற மாதிரியே மூலையில் இருந்து வாசலுக்கு வாரியலால் தள்ளினேன். தண்ணீர் ஜன்னல் பக்கம் போய்த் தேங்கினது. அதைத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, காயட்டும் என்று ஜன்னல் கொண்டியைத் திறந்து விட்டேன். அன்றைக்குத் தரை மின்னினதே மக்கா, நீ பார்த்திருந்தால் நீயே அசந்திருப்பாய். உபதேசியார் பாயை ஒதுக்கி வைத்துவிட்டு வெறுந்தரையில் உட்கார்ந்தார். "கொள்ளாம், கொள்ளாம்" என்று தடவித் தடவிப் பார்த்தார். நான் அறை வாசலில் நின்று சந்தோஷப்பட்டேன். ஜெபம் முடிந்து ஜன்னலை அடைக்கவும் மறந்துபோனேன். அன்று ராத்திரி மழையும் பெய்தது.

மூன்றாம் நாள் மாடிக்குப் போனால், ஜன்னலுக்குக் கீழே பலகைகளின் ஓரம் பப்படம் பொரிகிற மாதிரிப் பொங்கி நிற்கிறது. மூன்று பலகை. காலால் மிதித்து அமுக்கிப் பார்த்தேன். அடங்கவில்லை. அந்த நேரம் பார்த்து ஷீபா பையோடு படியேறி வந்தாள். தரையைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள், ஜன்னல் திறந்து கிடந்தது. அவள் முகம் வெளுத்துப்போயிற்று. "மாமி, நான் போவும்போ கொண்டி போடல்லியோ? ஓர்மையே இல்லியே" என்றாள். நான் வாயைத் திறந்தேன். "மழ நல்லா பெஞ்சுது பிள்ளே" என்றேன். பொய் ஒன்றும் இல்லை, மழை நன்றாகத்தான் பெய்தது. அவள் தானாகவே தன்மேல் ஒரு குற்றத்தை எடுத்துப் போட்டுக்கொண்டாள், நான் அதை அவள் தோளில் இருந்து இறக்கவில்லை. அவ்வளவுதான் நான் செய்தது. செய்யும்போது ரொம்பச் சின்னதாக இருந்தது.

அவள் நேர்மையான பெண். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டபோது அவளே சொல்லிவிட்டாள். சொல்லாமல் இருந்திருந்தால் நீ லீவில் வரும்வரை உனக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. நீ கத்தினது கூடத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த எனக்குக் கேட்டது. "ஒரு ஜன்னலு அடைக்கத் தெரியாத ஆளு இஞ்ச வந்து என்னத்த செய்யப்போறா? கொஞ்ச நாளு அங்கயே கெட. அம்மைக்கிட்ட இருந்து படி." அம்மாவிடம் இருந்து படிக்கச் சொன்னாயே மக்கா, அந்த ஒரு வார்த்தை. அவள் "சரி" என்று மட்டும் சொல்லி போனை வைத்தாள். ஓணத்துக்குள் விசா எடுத்துவிடுவேன் என்று நீ சொன்னதை நம்பி, பாறசாலையில் கம்ப்யூட்டர் சென்டரில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற வேலையை விட்டவள் அவள். ஓணம் போயிற்று. கிறிஸ்துமஸ் போயிற்று. விசா பேச்சை நீயும் எடுக்கவில்லை, அவளும் கேட்கவில்லை.

இனி எழுதப்போவதுதான் எனக்குக் கஷ்டம். நான் வெட்கத்தால்தான் சொல்லாமல் இருந்தேன் என்று நீ நினைப்பாய். முதல் ஒரு மாதம் அது உண்மை. தரை துடைக்கிறதில் கரைகண்டவள் என்று பெயர் வாங்கினவள் ஒரு தரையை நாசமாக்கினேன் என்று எந்த வாயால் சொல்வது? ஆனால் ஓணத்துக்குப் பிறகு அது வேறாகிவிட்டது. உன் அப்பா இறந்து, நீயும் வளைகுடாவுக்குப் போய், ஆறு வருடம் நான் ஒற்றைக்குச் சோறு தின்றவள். ஒரு ஆளுக்கு வைக்கிற சோறு ஒருநாளும் சரியாக வராது, ஒன்று மிஞ்சும், இல்லையென்றால் போதாது. ஷீபா வந்த பிறகு அந்த வீட்டில் பேச்சுக் கேட்டது. மரச்சீனியும் மீன்கறியும் வைத்தால் சண்டை போட்டுத் தின்ன ஒரு ஆள் இருந்தது. சாயங்காலம் இரண்டு பேரும் டிவியில் தொடர் பார்ப்போம், மலையாளத்தில் வேகமாகப் பேசினால் அவள் எனக்கு ஒவ்வொன்றாகச் சொல்லித் தருவாள். விசா தாமதமாகத் தாமதமாக எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்தது. தரை வீங்கினது ஒருவகையில் நல்லதாகப் போயிற்று என்றுகூட ஒருநாள் நினைத்தேன். என் தனிமைக்கு உன் மனைவியைக் காவல் வைத்தேன் மக்கா. உன்னுடைய இத்தனை மாதத்தையும் சேர்த்துத்தான் நான் எடுத்துக்கொண்டேன். இதைவிடப் பச்சையாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அவள் அந்தத் தரையோடு பட்ட பாட்டை நீ பார்த்திருக்க வேண்டும். வீங்கின பலகைகளின்மேல் தன் கல்யாணப் பெட்டியைத் தூக்கி வைத்து அமுக்கிப் பார்த்தாள். தினமும் மென்மையான துடைப்பத்தால் முதலில் மண்ணைத் தூத்து எடுப்பாள், ஏனென்றால் நம் முற்றத்து மணல் ஒரு பொடி இருந்தாலும் அந்தப் பூச்சில் கோடு விழும். பிறகு துணியை நனைத்து, முறுக்கி, ஒரு சொட்டும் விழாத வரைக்கும் பிழிந்து, பலகையின் நீளப்போக்கில் துடைத்து, உடனே காய்ந்த துணியால் இன்னொரு தரம். பழைய கம்பளியை வட்டம் வட்டமாக வெட்டிக் கட்டில் கால்களுக்கும் நாற்காலிக் கால்களுக்கும் அடியில் ஒட்டினாள். கால் துடைக்க வாசலுக்கு வெளியே ஒரு சவிட்டி, உள்ளே ஒரு சவிட்டி. ஒருநாள் எனக்குப் பாவமாக இருந்து, மினுக்கம் வரட்டும் என்று தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தோடு மாடிக்குப் போனேன். "மாமி, அது குடிக்காது, வழுக்கத்தான் செய்யும், நீங்க விழுந்து காலை ஒடிச்சா நானாக்கும் பாக்கணும்" என்று கிண்ணத்தைப் பிடுங்கிக்கொண்டாள். உன் தாளில் எண்ணெய், மெழுகு, பினாயில் மூன்றுமே கூடாது என்று இருந்ததாம். மூன்றையும் நான் இந்த வீட்டில் வாழ்நாள் முழுக்கப் போட்டிருக்கிறேன்.

போன தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டாய். விசா பற்றி அவளே வாய்விட்டுக் கேட்டாள் போல, அடுத்த வருடம் பார்க்கலாம் என்றாய். அவள் போனை வைத்துவிட்டு மாடிக்குப் போனாள். நான் துணி காயப்போட மேலே ஏறும்போது அறைக்குள் பேச்சுச் சத்தம். யாரிடம் பேசுகிறாள் என்று படியில் நின்று கேட்டேன். அவள் உன் தாளை ஒப்பிக்கிறாள். ஒன்று, வெள்ளம் ஒழிக்கக் கூடாது. இரண்டு, முதலில் மண் தூத்துப் பெருக்க வேண்டும். பதினொன்று வரை, வேத வசனம் மனப்பாடம் செய்கிற பிள்ளை மாதிரி, தவறின இடத்தில் திரும்ப முதலில் இருந்து. நீ அடுத்த தரம் போனில் கேட்டால் சொல்ல வேண்டுமே என்று. இருபத்துநான்கு வயதுப் பெண், எனக்குக் கம்ப்யூட்டரையே சொல்லித் தருகிறேன் என்றவள், தான் செய்யாத ஒரு தப்புக்காக. ஈரத் துணி வாளியைப் படியிலேயே வைத்துவிட்டு உள்ளே போய்ச் சொல்லிவிட்டேன். நின்றுகொண்டே சொன்னேன், உட்கார்ந்தால் சொல்ல முடியாது என்று பயம்.

அவள் உடனே மன்னித்துக் கட்டிப்பிடித்தாள் என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. "ஏழு மாசம் மாமி" என்றாள். "நான் எனக்க மனசுக்குள்ள எத்தன தடவ அந்த ஜன்னல அடச்சுப் பாத்திருக்கேன், தெரியுமா? எனக்குப் புத்தி கெட்டுப்போச்சோன்னுகூட நெனச்சேன்." பிறகு பையில் இரண்டு உடுப்பை வைத்துக்கொண்டு கள்ளிக்காட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள். நான் தடுக்கவில்லை. எதைப் பயந்து ஏழு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தேனோ, அது அன்று மதியமே வந்து சேர்ந்தது. சோறு மிஞ்சிப்போயிற்று. ஆனால் ஒன்று சொல்கிறேன், நம்பு. அந்த வெறும் வீட்டில் அன்றைக்கு நான் பயப்படவில்லை. சங்கடம் இருந்தது, அழுதேன், ஆனாலும் பயம் போயிருந்தது. படுத்ததும் தூங்கினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டபோது அவள் இன்னும் வந்திருக்கவில்லை. நான்தான் எடுத்தேன். "அவள வேகம் கூட்டிட்டுப் போ மக்கா. எனக்கு ஒற்றைக்கு இருக்கத் தெரியும். தறையையும் கிறையையும் பாத்துட்டு இருக்காத, சவத்த விடு" என்றேன். உன் குரல் இளகிப்போயிற்று, விசா எடுக்க ஒத்துக்கொண்டாய். "அம்மைக்க மனசு ஆருக்கும் வராது" என்றாய். அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். அந்தப் புகழ்ச்சியையும் சும்மா வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டேன். மறுநாள் ஷீபா வந்தாள். விசாவுக்கு நீ ஒத்துக்கொண்டதை, நீ என்னை என்ன சொன்னாய் என்பதையும் சேர்த்து அவளிடம் சொன்னேன். பையைக் கீழே வைக்கக்கூட இல்லை, "அப்போ நல்ல பேரும் உங்களுக்கா மாமி?" என்றாள். "நான் சொல்லமாட்டேன். நீங்க எழுதணும். ஒட்டாம எனக்க கையில தரணும், நானே கொண்டுபோயிக் குடுக்கேன்" என்றாள். அப்படித்தான் இந்தக் கடிதம்.

வந்தவள் சும்மா வரவில்லை. தன் அப்பாவிடம் இருந்து ஒரு உளியும் மரச்சுத்தியும் கொண்டு வந்திருந்தாள். கட்டிலுக்கு அடியில் நீ உபரியாக இரண்டு பலகை பொதிந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாய், அது அவளுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. ஜன்னல் பக்கச் சுவரோடு ஒட்டிய மரச் சட்டத்தை இரண்டு பேருமாகக் கழற்றினோம். பார்த்தால் பலகைக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு விரல் இடம் வெறுமனே கிடக்கிறது. எனக்கு மானம் போயிற்று. "அவன் அளவு தெற்றிப்போட்டான் பிள்ளே, சிமென்ட் குழச்சு அடச்சிரலாம்" என்றேன். அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். மழைக்காலத்தில் பலகை கொஞ்சம் விரியும், அதற்கு விட்ட இடம் மாமி, அதை அடைத்தால் தரை முழுக்க எழும்பிவிடும் என்றாள். வேறு யாராவது எழுதினால் இந்த ஒரு விரல் இடத்தை வைத்து மாமியார் மருமகளுக்கு ஒரு பிரசங்கமே எழுதிவிடுவார்கள். நான் எழுதப்போவதில்லை. நான் சிமென்ட் குழைக்காமல் இருந்ததே பெரிய காரியம்.

சுவரில் இருந்து ஒவ்வொரு வரிசையாகத் தூக்கிக் கழற்றினோம். அவள் உளியால் நெம்ப, நான் பிடிக்க. மத்தியானம் கஞ்சி குடிக்கவும் மறந்துபோனோம். நடுவில் ஒரு பலகை சடக்கென்று கழன்று என் மடியில் விழுந்தபோது இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நான் உண்மையைச் சொன்ன பிறகு அவள் என்னோடு சேர்ந்து சிரித்தது அப்போதுதான். வீங்கினது மூன்று, மாற்றுப் பலகை இரண்டு. அதிகம் கெட்ட இரண்டையும் மாற்றினோம். மூன்றாவதைக் கட்டிலுக்கு அடியில் வருகிற மாதிரிப் போட்டுவிடலாம், யாருக்கும் தெரியாது என்று நான் சொன்னேன். "வேண்டாம் மாமி. ஜன்னலுக்குக் கீழயே கெடக்கட்டும்" என்றாள். சிரிக்காமல்தான் சொன்னாள். நான் அந்தப் பலகையை அதே இடத்தில் திரும்பப் போட்டேன்.

அங்கே நீ எடுத்திருக்கிற ஒற்றை அறையிலும் இதே தரைதான், உன் கையால் போட்டது என்று ஷீபா சொன்னாள். அதனால் அம்மாவாக உனக்குச் சில வார்த்தை. ஷீபாவுக்குத் தரை துடைக்க நீ ஒன்றும் சொல்லிக்கொடுக்க வேண்டாம், அவளுக்கு உன்னைவிட நன்றாகத் தெரியும். கதவின் பின்னால் ஒட்டியிருந்த உன் தாளை நான் கிழித்துவிட்டேன், அதைப் போல இன்னொன்று எழுதி அங்கே ஒட்டினாய் என்று கேள்விப்பட்டால் நான் விமானம் ஏறி வந்துவிடுவேன். அடுக்களை ஓரத்தில் தண்ணீர் சிந்தும், சாயா கொட்டும், நாளைக்கு ஒரு பிள்ளை வந்தால் வேறு என்னென்னவோ கொட்டும். கொட்டினால் முதலில் துணியை எடுத்துத் துடை. யார் கொட்டினது என்பதைத் துடைத்த பிறகு கேள். துடைத்து முடிக்கும்போது பெரும்பாலும் கேட்கவே தோன்றாது. அந்தத் துணியை நீயும் பிழியலாம், ஆம்பிளைக் கை பட்டால் தரை ஒன்றும் கெட்டுப்போகாது. நான் உன் அப்பாவை ஒருநாளும் அந்தத் துணியைத் தொடவிட்டதில்லை, அது என் பெருமை என்று நினைத்திருந்தேன். முட்டாள்தனம்.

என்னைப் பற்றி வெப்ராளப்பட வேண்டாம். ஒரு ஆளுக்குச் சோறு வைக்க மறுபடியும் பழகிக்கொள்வேன். வாரத்துக்கு இரண்டு நாள் மாடிக்குப் போய், தூத்து, துணியைச் சொட்டு விழாமல் பிழிந்து, நீளப்போக்கில் துடைத்து, காய்ந்த துணியால் ஒற்றிவிட்டு வருவேன். மேலே வாளி கொண்டுபோகமாட்டேன், சின்னக் கிண்ணம் போதும். மழை கறுத்தால் முதலில் அந்த ஜன்னலைத்தான் அடைப்பேன். ஷீபா பெட்டி கட்டி முடித்துவிட்டாள். இந்தத் தாள்களை ஒவ்வொன்றாக வாங்கி வாசித்துக்கொண்டிருக்கிறாள், இதையும் வாசிப்பாள். ஆனால் கடைசியில் வரப்போவது அவளுக்கும் தெரியாது.

நீ லீவில் வந்து மாடியில் செருப்பில்லாமல் நடக்கும்போது, ஜன்னலுக்குக் கீழே உன் காலில் ஒரு மேடு தட்டும். யார் செய்தது என்று கத்தாதே, அம்மாதான். அதோடு இன்னொன்றும் உண்டு மக்கா. அந்தக் கிறிஸ்துமஸுக்குச் சிவப்புத் தரையைத் திரும்பத் துடைக்கும்போது நான் அந்தச் சேற்றுத் தடத்தின்மேல் என் கையை விரித்து வைத்துப் பார்த்தேன். என் ஒரு சாணுக்கும் மேலே இருந்தது. ராத்திரி முழுக்க லாரி ஓட்டி விடியற்காலையில் வந்து இறங்கி அடுக்களைக்குத் தண்ணீர் குடிக்கப் போன உன் அப்பாவின் கால் அது. நீ கேரல் ஒத்திகை முடிந்து வீட்டுக்குத் திரும்பும் முன்பே எனக்குத் தெரியும். நீ அன்றைக்குச் சொன்னது நிஜம். நீ இல்லை.

அம்மா